டாக்டர் சொல்லாத ‘இல்லை’

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எங்கள் கொரட்டூர்ப் பக்கம் வந்து குடியேறிய சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், கொஞ்சம் கத்திரிக்காய். மாப்பிள்ளை வீடு பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பாரிவாக்கம். அவருடைய அப்பா ஆவடியில் ஒரு மரக் கிடங்கில் மேஸ்திரி. மாப்பிள்ளைக்கும் அங்கேயே கணக்கு எழுதும் வேலை. பட்டாளத்துக்குக் கொட்டகை போட மரம் கொடுத்ததால் கிடங்கில் ஒரு டெலிபோன் இருந்தது. அந்தச் சனியன்தான் என் கல்யாணத்தில் மண்ணைப் போடப் பார்த்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். என் மாமனார் டெலிபோனைத் தொடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். கம்பி வழியாக வருவதெல்லாம் சர்க்கார் உத்தரவு என்று அவருக்கு நினைப்பு. அதில் ஒருத்தன் பொய் பேசுவான் என்பது அவர் கனவில்கூட வராத விஷயம்.

பரிசம் போட்டாயிற்று. பந்தலுக்கு மூங்கிலும் வந்து இறங்கிவிட்டது. அப்போதுதான் ஒரு நாள் அந்த டெலிபோன் மணி அடித்திருக்கிறது. மாப்பிள்ளை வெளியே லாரியில் ஏறும் மரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததால் மாமனாரே எடுத்தார். அம்பத்தூர் டாக்டர் வீட்டிலிருந்து பேசுகிறோம், நீங்கள் பார்த்திருக்கும் கொரட்டூர்ப் பெண்ணுக்கு க்ஷயரோகம், எங்களிடம்தான் வைத்தியம் நடக்கிறது, கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள் என்று ஒரு குரல் சொல்லியிருக்கிறது. இவர் “சரிங்க ஐயா” என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டு, மகனிடம்கூட மூச்சுவிடாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. க்ஷயம் என்றால் அந்த நாளில் ஊரே அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்காது. எனக்குக் கல்யாணம் நின்றால் போகட்டும், எனக்குப் பின்னால் ஒரு தங்கை இருந்தாள். அவள் கதியும் அதோகதிதான். போதாக்குறைக்குப் போன மாதம்தான் நான் அந்த டாக்டரிடம் போய் வந்திருந்தேன். அதை நாலு பேர் பார்த்தும் இருந்தார்கள். இப்போது சொன்னால் என்ன, எனக்கு வயிற்றில் பூச்சி. அதற்கு மருந்து வாங்கத்தான் போனேன். மாமனாரிடம் சும்மா உடம்பு சரியில்லாமல் போனதாக மட்டும் சொன்னோம். அவர் நம்பவில்லை.

டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று நைனா வண்டி கட்டினார். மாமனாரையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மற்ற வைத்தியசாலைகளில் கம்பவுண்டர், சொறிக்குக் களிம்பு யாருக்கு என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். இந்த டாக்டரிடம் அந்த வழக்கம் கிடையாது. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார். எங்களையும் அப்படித்தான் உட்காரவைத்தார். டெலிபோன் விஷயத்தைக் கேட்டதும், நான் யாரையும் பேசச் சொல்லவில்லை என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நைனா கையெடுத்துக் கும்பிட்டார். “இவளுக்கு அந்த நோவு இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“என்கிட்ட யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு நான் வெளிய சொல்றதில்லீங்க” என்றார் டாக்டர்.

“அப்ப கீதுன்னுதானே அர்த்தம்?” என்று மாமனார் கேட்டார். அப்படியும் நான் சொல்லவில்லையே என்றார் டாக்டர். நைனா அழுதேவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த டாக்டரை நான் மனசுக்குள் திட்டாத திட்டில்லை. வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். “இது உன் விஷயம்மா. நீ சொல்லச் சொன்னா இவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்றேன். சொல்லட்டுமா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று என்னை யாரும் கேட்டதில்லை. புடவை என்ன நிறம் என்றுகூடக் கேட்டதில்லை. இவர் கேட்கிறார். சொல்லுங்கள் என்றால் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் மருமகள் வயிற்றில் பூச்சி என்று பாரிவாக்கம் முழுக்கச் சிரிக்குமே. எது பெரிது, எது சின்னது என்று எடைபோடும் நிலையில் நான் இல்லை. “வேணாங்க” என்று வாயில் வந்துவிட்டது. நைனா தலையில் அடித்துக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. அவர் நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பாரிவாக்கத்தில் மாமனார் நடந்ததைச் சொல்ல, மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். “அந்த டாக்டர் ஊட்ல டெலிபோனு கீதா?”

இல்லவே இல்லை! அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம், எங்களில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. கிடங்குக்குப் பட்டணத்தில் ஓர் ஆபீஸ் உண்டு. மாப்பிள்ளை விசாரித்ததில் தெரிந்தது, அங்கே இருந்த இரண்டு குமாஸ்தாக்கள்தான் பேசியது. மாப்பிள்ளை எடுப்பார், கொஞ்சம் கலங்கவிட்டு அப்புறம் சிரிக்கலாம் என்று விளையாடியிருக்கிறார்கள். பெரியவர் எடுத்ததும் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு நேரில் வந்து நைனா காலில் விழுந்தார்கள்.

மாமனார் விடவில்லை, போலீசுக்குப் போனார். அடித்தானா, திருடினானா, கம்பியில் பேசினதற்கெல்லாம் என்ன கேஸ் போடுவது என்று அங்கே கேட்டார்களாம். விஷயம் தெரிந்த ஒருவர், மானநஷ்ட வழக்குப் போடலாம், ஆனால் கோர்ட்டில் பெண் பேரைச் சொல்லி அந்த நோயையும் சொல்லிச் சொல்லித்தான் வாதாட வேண்டியிருக்கும் என்றார். மாமனார் அதோடு விட்டுவிட்டார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. டாக்டர் மேல் மட்டும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் கோபம் ஆறவில்லை.

முதல் குழந்தை தவழும்போது என் வீட்டுக்காரருக்குச் சாயந்திரமானால் காய்ச்சல், விலாவில் குத்து. வேறு வழியில்லாமல் அதே டாக்டரிடம்தான் போனோம். நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்திருக்கிறது, க்ஷயத்தின் ஆரம்பம் என்று எங்களிடம் மட்டும் சொன்னார். ஊசி போட்டு நீரை எடுத்தார். தனித் தட்டு, தனிப் படுக்கை, மாசக்கணக்கில் ஓய்வு, கிடங்குப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்றார். நாங்கள் பலவீனம் என்று சொல்லி லீவு வாங்கினோம்.

முதலாளிக்குச் சந்தேகம். க்ஷயம் என்றால் சீட்டைக் கிழித்துவிடுவார். சம்பளம் நின்றால் முட்டைக்கும் பாலுக்கும் எங்கே போவது? அவர் டாக்டரிடம் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். அதே பதில். விடாமல் எங்கள் வீட்டுக்கே வந்தார். டாக்டர் வாயைத் திறக்கவில்லை என்றால் அதுதானே அர்த்தம் என்று மாமனாரைப் பிடித்துக்கொண்டார். நான் குழந்தையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு உயிரே இல்லை.

மாமனார் சிரித்தார். “அந்த டாக்டரு யாருக்குமே அப்பிடித்தாங்க மொதலாளி. எங்க மருமவளுக்கு ஒரு நோவும் இல்லாதப்பவே வாயத் தொறக்கல. அது இன்னா, கல்லுகுண்டாட்டம் ஊட்ல வேல செஞ்சிகினு கீது.”

உடம்பைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். மாமனார் உள்ளே வந்து மகனுக்குப் பால் காய்ச்சச் சொன்னார். டாக்டர் ஓய்வு போதும் என்று சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனார். போன அன்றைக்கே, தனக்கு இருந்தது என்ன நோய் என்று முதலாளியிடம் அவரே சொல்லிவிட்டார். முழு ஆளாக எதிரில் நிற்கிறவரை முதலாளி என்ன செய்வார்? பேசாமல் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

அன்றைக்கு என் நைனாவின் அழுகைக்கு இரங்கி அந்த டாக்டர் ஒரே ஒரு ‘இல்லை’ சொல்லியிருந்தால், பிற்பாடு என் வீட்டுக்காரருக்காக அவர் மூடிய வாயே ‘ஆமாம்’ என்று ஆகியிருக்கும்.