கத்திக்குச் சம்மதித்தது அவிசுவாசம் அல்ல

சபையாரே, இது ஆண்கள் வெளியே சொல்லாத வியாதி. நான் சொல்லப்போகிறேன். கேட்டுத் தலைகுனிகிறவர்கள் குனியட்டும். நான் குனியப்போவதில்லை.

1993ஆம் வருடம். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் நான் வெல்டர். வயது ஐம்பத்தாறு. ஒரு வருடமாகவே சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஒரு காலை அடியோடு அடைத்துக்கொண்டது. வலி தாங்காமல் சுவரைக் குத்தினேன். மருத்துவமனையில் சிறுநீர் இறங்கக் குழாய் போட்டு, பை கட்டிவிட்டார்கள். பிறகு சோதனைமேல் சோதனை. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது.

"குணமாகுமா, டாக்டர்?" என்றேன்.

"குணமாகாது. அடக்கி வைக்கலாம். எவ்வளவு காலம்னு கேட்டா எனக்குத் தெரியாது" என்றார். நேர்மையான மனிதர்.

ஆண் ஹார்மோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி, அதை நிறுத்த வேண்டும் என்றார். மூன்று வழி சொன்னார். மாத்திரை சாப்பிடலாம். ஆனால் மார்பு வீங்கும், இரத்தம் உறையக்கூடும், இதயத்துக்கு ஆகாது. எனக்கோ ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்திருந்தது. மாதாமாதம் ஊசி போடலாம். ஆனால் அது தொடர்ந்து கிடைப்பது கஷ்டம், தொடக்கத்தில் எலும்பு வலியைக் கூட்டவும் செய்யும். மூன்றாவது, அந்த ஹார்மோனைச் சுரக்கும் விரைகள் இரண்டையும் அறுத்து எடுத்துவிடுவது. சீக்கிரம் பலன் தெரியும். ஆனால் தாம்பத்தியம் அதோடு முடிந்தது. போனது திரும்பாது.

ஒரு வாரம் அவகாசம் கேட்டு வீட்டுக்கு வந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். "ஆம்பளையா இல்லாம உயிரோட இருந்து என்ன பண்ண?" என்று மனைவி கிரேஸிடம் கத்தினேன்.

அவள் அழவில்லை. "முப்பது வருஷமா உங்ககூடச் சண்டை போட்டுப் பழகிட்டேன். இனி தனியா யார்கூடப் போட? எனக்கு நீங்க வேணும். உங்க கௌரவத்தை நான் கேக்கல" என்றாள்.

அதே வாரம் ஜெபக்குழுவிலிருந்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர், "கத்தி வைக்க விடாதீங்க பிரதர். அது அவிசுவாசம். உபவாசம் இருங்க, கர்த்தர் தொட்டுச் சுகமாக்குவார்" என்றார்.

எனக்குக் கோபம் பொங்கியது. "போன வருஷம் உங்க கண்ணுல புரை எடுத்தாங்களே, அப்ப எங்க போச்சு விசுவாசம்?" என்றேன். அவர் ஜெபித்துவிட்டுப் போனார்.

கோபம் அடங்கியது. பயம் அடங்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய நாளில் கிரேஸும் நானும் ரயிலில் போனோம். கொரட்டூர் தாண்டும்போது, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடாமலே ஆண்டவரோடு வழக்காடினேன்.

"அப்பா, அற்புதம் செய்யச் சித்தமானால் செய்யும். இல்லையென்றால் வழியைக் காட்டும். ஆறுதல் சொல்ல ஆள் அனுப்ப வேண்டாம், நிறையப் பேர் வந்துவிட்டார்கள். இதைக் கடந்து வந்த ஒருவனை அனுப்பும். பொய் சொல்லாதவனாய் அனுப்பும். அதுவரை நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மருத்துவமனை பெஞ்சில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நெற்றி நிறைய விபூதி. பெயர் முனுசாமி, நசரத்பேட்டைக்காரர், லாரி டிரைவர். என் மூத்திரப் பையைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, அறுக்கணும்னு சொல்லிட்டாங்களா? நானும் அறுத்துகினவன்தான். மூணு வருசமாச்சு. இன்னும் பெங்களூர் ரோட்ல வண்டி ஓட்டிகினு கீறேன்."

அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தேன். "என்னென்ன கஷ்டம் வரும்? மறைக்காம சொல்லுங்க" என்றேன்.

"திடீர்னு ஒடம்பு குப்புனு கொதிக்கும், வேர்த்து ஊத்தும். தொப்பை வெக்கும். கை காலு சோர்ந்து பூடும். பொஞ்சாதி மேல அந்த ஆசையே வராது. மொதல்ல அயுதேன். அப்பால ஊட்ல உக்காந்து அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். எலும்பு வலி பூட்ச்சு. துன்றேன், தூங்குறேன். வேற இன்னா ஓணும்?"

கிரேஸ் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

விபூதி வைத்தவரையா கர்த்தர் அனுப்புவார் என்று பிறகு சிலர் கேட்டார்கள். அனுப்பினார். நான் கேட்டபடியே அனுப்பினார். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள்.

அறுவை முடிந்து சில வாரங்களில் குழாயை எடுத்தார்கள். சிறுநீர் தானாகப் போனது. கழிவறையில் நின்றபடியே "ஸ்தோத்திரம்" என்று கத்தினேன், வெளியே நர்ஸ் பயந்துவிட்டாள். முதுகு வலி நாளுக்கு நாள் இறங்கியது. தொழிற்சாலையில் கனமில்லாத வேலை கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை போனேன்.

முனுசாமி சொன்ன கஷ்டங்கள் எல்லாம் வந்தன. ஒரு ஞாயிறு ஆராதனையில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வரிசை அம்மா, ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று அல்லேலூயா சொன்னார். கிரேஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும். அப்போது அவள் பக்கத்தில் உட்காருவாள். இருவரும் முன்பைவிட அதிகம் பேசுகிறோம். சண்டையும் குறையவில்லை.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. நோய் போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. அடங்கியிருக்கிறது. நாளைக்குத் தலைதூக்கலாம். தூக்கட்டும். அன்றைக்கும் இதே வாயால் ஜெபிப்பேன், இதே காலால் டாக்டரிடம் நடப்பேன். வழியைக் காட்டியவரும் அவரே, வைத்தியருக்குக் கையைக் கொடுத்தவரும் அவரே.

சகோதரரே, வெட்கத்தால் நான் ஒரு வருடத்தை இழந்தேன். நீங்கள் ஒரு நாளும் இழக்க வேண்டாம். அவரிடம் உள்ளபடியே கேளுங்கள். கோபமாய்க் கேட்டாலும் தாங்குவார். ஆராதனை முடிந்ததும் நான் வாசலில் நிற்பேன். சிறுநீர் போகச் சிரமப்படுகிற யாரும் வந்து என்னிடம் பேசலாம். எதையும் மறைக்காமல் சொல்வேன். திங்கட்கிழமை ரயிலில் உங்களோடு மருத்துவமனைக்கும் வருவேன்.