அறிவித்தல் பலகையில் என் பிறந்த ஊர்

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். மாத்தளையில் நான் எழுதுவினைஞராக இருந்த அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பிரிவு பிரிவாகச் சிதறிக் கிடந்த ஊழியர் விவரங்களை ஒன்றாகச் சேர்ப்பதற்காம். மகாராணிக்குத் தனி அறை, ஏ.சி., திரைச்சீலை, இரட்டைப் பூட்டு. செருப்போடு யாரும் உள்ளே போகக்கூடாது. கடவுச்சொல் மேலதிகாரிக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் விவரங்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று நானும் பூரித்துப்போனேன்.

சேர்த்ததெல்லாம் சரியா என்று பார்க்க வேண்டுமே. அத்தனை பேரையும் அந்தப் புனித அறைக்குள் விட்டால் செருப்புகளை எங்கே வைப்பது? மேலதிகாரி மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டியல் முழுவதையும் அச்சடித்து, பஸ் தரிப்பிடத்தைப் பார்த்திருந்த அறிவித்தல் பலகையில் ஒட்டச் சொன்னார். பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், பிறந்த இடம், எல்லாம். பிழை இருந்தால் வந்து திருத்தலாமாம். இரத்தோட்டை பஸ்ஸுக்கு நின்ற சனம் பொழுதுபோக்காக எங்களைப் படித்தது.

என் பெயருக்கு நேரே முல்லைத்தீவு என்றிருந்தது. ஒரு பிழையும் இல்லை. அலுவிகாரையில் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்திருந்த முஸ்லிம் வியாபாரியிடம், என் கணவர் மாத்தளைக்காரர் என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். புலிகளின் கையில் இருந்த வன்னியில் பிறந்தவளுக்கு அந்த நாட்களில் யார் வீடு கொடுப்பார்கள்?

பட்டியலைக் கழற்றச் சொல்லி மேலதிகாரியிடம் ஓடினேன். அறைக்குள் வெளியாள் ஒருவரும் வரவில்லையே, பிறகு விவரம் எப்படி வெளியே போகும் என்று சிங்களத்தில் கேட்டார். மனுஷன் உண்மையாகவே கேட்டார்.

அன்று மாலையே வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். பலகையைப் பார்த்துவிட்டிருந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"கோவிச்சிக்காதீங்க மிஸ். உங்க மேல ஒரு கொறையும் இல்ல. பொலிஸ் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது? நானும் புள்ளகுட்டிக்காரன்."

"வேற வீடு பாக்க ஒரு மாசம் டைம் தாங்க நானா," என்று அவரை அண்ணன் முறை சொல்லிக் கேட்டார் என் கணவர்.

தந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்த ஆத்திரமெல்லாம் அந்தக் குளிர் அறை மேல்தான். அதன் கதவைத் தாண்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

புது வீட்டில் சாமான் இறக்கிய அன்று, வீட்டுக்கார அம்மா என் சின்ன மகளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அம்மாவுக்கு எந்த ஊரு பாப்பா?"

நான் பெட்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

"மாத்தளதான். அம்மாவும் இங்கதான் பொறந்தாங்க," என்றாள் மகள், கண்ணைக்கூட இமைக்காமல்.

அப்படிச் சொல்லென்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.