தேயிலைக் கட்டையில் நின்ற கார்

எங்கள் மாமாவின் கார் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்னே காதுக்குத் தெரிந்துவிடும். பொன்முடி எஸ்டேட் துரை ஓட்டி அலுத்து விட்டுப்போன பழைய வண்டி அது. துரை காலத்துச் சாமான் என்று அதில் மிஞ்சியிருந்தது மேல்கூடு மட்டும்தான். மற்றதெல்லாம் மாமாவின் கைவேலை. பின்கதவில் இருந்தது எங்கள் லயத்து வீட்டுத் தாழ்ப்பாள்; லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்காரவில்லை. ஆனால் ஒரு வண்டி எதன் மேல் நிற்கிறது என்பதை மாமா காரின் அடியில் குனிந்து பார்த்தே தெரிந்துகொண்டவள். இன்றும் திருவனந்தபுரத்தில் ஆட்டோ பள்ளத்தில் இறங்கினால், எந்தப் பக்கத்து ரப்பர் போயிருக்கிறது என்று டிரைவரிடம் சொல்வேன். திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது அக்காவை நர்ஸ் படிப்புக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் லயத்திலிருந்து அப்படி ஒரு படிப்புக்குப் போகிற முதல் பெண் அவள்தான். மத்தியானத்துக்குள் திருவனந்தபுரம் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். அப்பாவும் அம்மாவும் வேலையை விட்டு வர முடியாது. மாமா ஓட்ட, அவர் மனைவி, எங்கள் அத்தை, துணைக்கு வந்தாள். அழுது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன்.

அத்தை அன்றைக்குக் கல்யாணப் பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். தலையில் பூ. மடியில் வெல்லம் போட்டுப் பிசைந்த அவல் பொட்டலம். அக்காவின் காரியம் முடிந்ததும் சங்குமுகம் கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்து தின்பதற்கு. மழை விட்ட நாளில் மேல்மலையிலிருந்து தூரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அதுதான் கடல் என்று எங்களுக்குக் காட்டுவாள். அவள் பார்த்த கடல் அவ்வளவுதான்.

மலை இறங்கத் தொடங்கிச் சில வளைவுகள்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். பின்பக்கத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாமா சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு அடியில் புகுந்தார். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருந்த இரும்புக் காது உடைந்திருந்தது. உள்ளிருந்த ரப்பர் பொடிப்பொடி. காலை பஸ் முன்னாலேயே போய்விட்டது. அக்கா அழ ஆரம்பித்தாள்.

"ஏட்டி, நர்ஸாகப் போறவ இதுக்கே அழுதா, ஊசி போடையில என்ன செய்வே?" என்று மாமாவின் குரல் அடியிலிருந்து வந்தது.

சரிவில் சக்கரத்துக்கு அடை கொடுக்க டிக்கியில் ஒரு தேயிலை வேர்க்கட்டை எப்போதும் கிடக்கும். அரிவாளே அதனிடம் பல்லிளிக்கும், அப்படி வைரம் பாய்ந்த கட்டை. மாமா ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். கட்டையைச் செதுக்கி, ஸ்பிரிங் முனைக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகிப் பார்த்தார்.

"இரும்பும் மரமும் நேரா உரசுனா நழுவிரும். நடுவுல ரப்பர் வேணும்."

அத்தை காலிலிருந்த டயர்ச் செருப்பில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.

"ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு நீ என்ன செய்வே?"

"இந்தா, மத்ததையும் டிக்கில போடுங்க. இது தேஞ்சா அதை வைக்கலாம்லா."

செருப்பை அறுத்துக் கட்டைக்கு மேலும் கீழும் வைத்து, தேயிலைக் கொழுந்து மூட்டை கட்டுகிற சணல் கயிற்றால் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றி இறுக்கினார் மாமா. அதன் மேல் ஓடைத் தண்ணீரைக் கோரி ஊற்றினார். நனைந்தால் சணல் இன்னும் இறுகும். கீழிருந்து ஏறிவந்த ஒரு ஜீப்காரர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, இது காரோ காளவண்டியோ?" என்று கேட்டார்.

"காளவண்டிதான் சேட்டா. புல்லு வாங்கத்தான் வித்துராவுக்குப் போறேன்!"

ஜீப் சிரித்துக்கொண்டே போனது. அத்தை சிரிக்கவில்லை. "எம்புட்டுக் கனம் தாங்கும்?" என்று கேட்டாள்.

"அதான் தெரியல. பின்னால கனம் கொறைஞ்சா நல்லது."

கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையைத் தூக்கிப் பார்த்தே, தராசு என்ன சொல்லப்போகிறது என்று சொல்லிவிடுவார்கள். அத்தை என்னைக் கட்டித் தூக்கிப் பார்த்தாள். "இது ஒரு கூடை." அக்காவைத் தூக்கினாள். அக்கா அழுகையை மறந்து சிரித்துவிட்டாள். "இவ ரெண்டு." எங்களைக் காரில் ஏற்றிவிட்டு, வெளியில் நின்றபடியே தாழ்ப்பாளைப் போட்டாள்.

"நான் மூணுக்கு மேல. நான் நின்னுக்கிடுதேன்."

மாமா குனிந்து கயிற்று முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி, "அப்பம் இவளையும் எறக்கிக்கோ. பேச்சுத் துணையாவது இருக்கும்" என்றார்.

"பிள்ள கடல் பாக்கட்டும்." அவல் பொட்டலம் ஜன்னல் வழியாக என் மடியில் விழுந்தது. "நீங்க கெளம்புங்க. சாயங்கால எடைக்குள்ள போயி நான் கொழுந்தே பறிச்சிருவேன்."

பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை வெறுங்காலோடு மலையேறினாள். ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் நான் கையை ஆட்டினேன்.

வழியில் ஓடை கண்ட இடமெல்லாம் மாமா வண்டியை நிறுத்தி, மாட்டுக்குக் காட்டுவதுபோல அந்தக் கயிற்றுக்குத் தண்ணீர் காட்டினார். கல்லாறு போயிற்று, வித்துரா போயிற்று. நெடுமங்காடு வரும் முன்பே நான் அவலைத் தின்று முடித்திருந்தேன். கட்டை இம்மியும் அசையவில்லை. அக்கா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள், இடமும் கிடைத்தது. திரும்பும் முன் மாமா சங்குமுகத்தில் எனக்குக் கடலைக் காட்டினார். பின்னால் எத்தனையோ பேருக்கு ஊசி போட்டாள், அழாமல். மாமாவைப் போல ஒரு கை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று நான் யார் முன்னாலும் சொல்வேன்.

மறுநாள் அத்தை என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். "கடல் எப்படிட்டி இருந்துச்சு?"

"பெரிசா இருந்துச்சு."

"கால்ல தண்ணி பட்டா எப்படி இருக்கு?"

"நனையுது."

அதற்கு மறுநாள் கொழுந்து எடை போட்டுவிட்டு வரும்போதும் அதையேதான் கேட்டாள். அதற்கடுத்த நாளும். சொன்னதையே எத்தனை தடவை சொல்வது? எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் வருவது தெரிந்தால் ஓடி ஒளிந்துகொள்ளலாம். ஆனால் டயர்ச் செருப்பில் ஒன்று காருக்கு அடியிலும் மற்றது டிக்கியிலும் இருந்ததால், அத்தை வருகிற சத்தமே கேட்காது. தினமும் மாட்டிக்கொண்டேன்.