வரி சொல்லும் பிள்ளை

போன வாரம் அலுவலகத்தில் நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை வேறொருத்தி திரையில் போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கினாள். பெரிய கூட்ட அறை, இருட்டாக்கிய விளக்குகள், அவள் கையில் பக்கம் தள்ளுகிற அந்தச் சின்னக் கருவி. அவள் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் எனக்கு வயிறு எரிந்தது. அடுத்தவர் உயர்வில் சந்தோஷப்படுகிற மனதைத் தாரும் என்று அன்று காலையில்தான் ஜெபித்திருந்தேன். அது வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கிறது.

புரொஜெக்டர் வெளிச்சமும் வேறொருத்தியின் விரலும் சேர்ந்தால் எனக்கு இப்படித்தான் ஆகும். ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஆகிறது.

காலடிப்பேட்டையில் எங்கள் சபை ஷீட் கூரை போட்ட ஒரு கூடம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் பாஸ்டர் ஜெபத்தை நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். ஆண்டவரும் அதுவரை பொறுமையாக இருப்பார் என்று நான் நம்பினேன். பாயில் உட்காரும் பெண்களில் பாதிப்பேர் என் அம்மாவைப் போல மீன் விற்பவர்கள். சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் விரல் நுனியில் வாடை கொஞ்சம் மிச்சமிருக்கும். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எங்கள் சபையில் பாட்டுக்கு வரி சொல்லும் வழக்கம் இருந்தது. ஒருவர் புத்தகத்தைப் பார்த்து ஒரு வரியைச் சத்தமாகச் சொல்லவேண்டும்; உடனே எல்லாரும் அதைப் பாடுவார்கள்; அவர்கள் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த வரியைச் சொல்லவேண்டும். முந்தினால் பாட்டு இடறும், பிந்தினால் தாளம் படுத்துவிடும்.

மூன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலை என்னுடையது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அத்தை மகளும் போனாள்தான், அதுவும் ஷூ போட்டுக்கொண்டு இங்கிலீஷ் மீடியத்துக்கு. ஆனால் அவள் என்னைவிட ஒரு வயது இளையவள். ஆகவே முதல் ஆள் நான்தான். இதை இன்றைக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் புத்தகத்தோடு எழுந்து நின்றால், அத்தனை பெண்களும் முகத்தைத் தூக்கி என் வாயையே பார்ப்பார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் இந்தச் சபையில் ஒரு பாட்டும் நகராது என்று எனக்குத் தோன்றும். அந்த எண்ணத்திலேயே என் கழுத்து ஒரு விரல்கடை நீண்டிருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோதுதான் அத்தை வீட்டுக்காரர் புரொஜெக்டரைக் கொண்டுவந்தார். மாமா எம்.கே.பி. நகரில் கல்யாண வீடியோ எடுப்பவர். கடையில் பழசாகிப்போன புரொஜெக்டரையும் ஒரு லேப்டாப்பையும் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். சுவரில் பாட்டு வரிகள் கொட்டைக் கொட்டை எழுத்தில் வந்து நின்றன. லேப்டாப்புக்கு முன்னால் நாற்காலியில், ஆம், நாங்கள் எல்லாரும் பாயில் இருக்க அவள் மட்டும் நாற்காலியில், என் அத்தை மகள் உட்கார்ந்தாள். அவள் வேலை ஒரே ஒரு பொத்தானை அழுத்துவது.

"எங்க பாப்பாதான் கம்ப்யூட்டரு ஓட்டுது, பாத்தியா?" என்று அத்தை பக்கத்துப் பெண்ணின் தொடையில் தட்டிச் சொன்னாள்.

"பஸ் ஓட்ற மாரி சொல்றியேக்கா," என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாஸ்டர் என்னைப் பார்த்து, இனிமே நீயும் உட்கார்ந்து நிம்மதியா பாடலாம்மா என்றார். என் வேலையைப் பிடுங்கிக்கொண்டு அதற்கு நிம்மதி என்று பெயர் வைத்ததை நான் மறக்கவேயில்லை.

நிம்மதியாக நான் செய்த வேலை, அத்தை மகள் தப்புச் செய்யக் காத்திருப்பதுதான். அவளும் என்னை ஏமாற்றவில்லை. பாஸ்டர் உற்சாகம் வந்தால் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறவர். அது தெரியாமல் அவள் பொத்தானை அழுத்திவிடுவாள். சுவரில் அடுத்த சரணம் நிற்கும். பாயிலிருக்கும் பெண்களோ பிசகாமல் பல்லவியைப் பாடிக்கொண்டிருப்பார்கள். சுவர் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். அதைப் பார்த்து எனக்கு உண்டான ஆனந்தத்தில் வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் சுவர் தப்பாக இருப்பது தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ரோஷத்தில் பாட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினேன். ஒவ்வொரு ராத்திரியும் படுக்குமுன் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தேன்: ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போகவேண்டும். அவளுக்குக் கெடுதல் எதுவும் கேட்கவில்லை. கரண்ட் மட்டும்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. நட்சத்திர விளக்கு, குடிலைச் சுற்றிச் சீரியல் லைட், கீபோர்டு, மைக், புரொஜெக்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகியிருந்தார்கள். இன்றைக்கு யாராவது காரணம் கேட்டால் அந்தப் பெட்டிதான் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு எனக்குக் காரணம் பரலோகத்தில் இருந்தது. கடல் கொந்தளிக்கும்போது படகில் கூடவே இருப்பவரைப் பற்றி எங்கள் பெண்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாட்டு. இரண்டாம் சரணத்தின் நடுவில் பட்டென்று ஒரு சத்தம். ரப்பர் தீய்ந்த வாசனை. சுவர் கறுத்தது, மைக் செத்தது, பாட்டும் நின்றது.

கறுப்புத் துணி கட்டிய கூடத்தில் வாசல் வெளிச்சம் மட்டும். அத்தை மகள் இருட்டில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். அப்போது முன்வரிசையில் ஒரு தலை என் பக்கம் திரும்பியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் பாய் முழுக்க.

"இன்னாடி பாத்துகினு கீற? எந்திரிச்சி வரியச் சொல்லு," என்றாள் அம்மா.

எழுந்தேன். கையில் புத்தகம் இல்லை என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, பாட்டு மனதிலிருந்தது. விட்ட வரியிலிருந்து சொன்னேன், பாடினார்கள். மைக் இல்லாமல் ஷீட் அதிர்கிற மாதிரிப் பாடினார்கள். இரண்டாம் சரணம் முடிந்தது. மூன்றாம் சரணத்துக்கு வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முதல் சொல்கூட வரவில்லை. அத்தனை முகங்களும் என்னைப் பார்க்கின்றன. நாற்காலியிலிருந்து அவளும் பார்க்கிறாள். ஆண்டவரே, கரண்டை மறுபடி அனுப்பிவிடும் என்று அவசரமாகக் கேட்டேன்.

அப்போது முழங்கால் பக்கத்திலிருந்து மிக மெல்லிய குரல் வந்தது. அம்மா கண்ணை மூடி, தலையைக் குனிந்து, ஜெபிப்பதுபோல் முக்காட்டுக்குள் அந்த வரியைச் சொன்னாள். நான் அதை அப்படியே எடுத்துச் சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் பாடினார்கள். அடுத்த வரியையும் கொடுத்தாள். கடைசி வரைக்கும் அப்படியே போயிற்று.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்புத் தேடும்போது அத்தை மகள் வந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அடுத்த வாரம் எனுக்கு ஒரு பாட்டு குடேன். நானும் நின்னுகினு சொல்றேன்."

"முடியாது," என்றேன். அவள் நாற்காலியில் என்னை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லையே.

மத்தியானம் அம்மா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் இருந்தாள், அவளும் எங்கள் சபைதான். நான் இடுப்பில் கைவைத்து நின்று, பார்த்தீர்களா, நான் இல்லாவிட்டால் உங்களால் ஒரு பாட்டுப் பாட முடிகிறதா என்று கேட்டேன்.

"அதான? நீ இல்லாங்காட்டி எங்களுக்கு இன்னா தெரியும்," என்றாள் அம்மா. எதிர்வீட்டு அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மீன் வாடைக்கு என்று நினைத்தேன்.

அம்மா மறுபடி கத்தியை எடுத்தாள். கை போகிற போக்குக்கு அதே பாட்டை முணுமுணுத்தாள், மூன்றாம் சரணத்தை. நான் சொல்லிச் சொல்லித்தான் அவள் மனதில் பதிந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. என்னைத் தூளியில் போட்டு ஆட்டிய நாட்களிலும் அவள் பாடியது அந்தப் பாட்டைத்தான் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிற வயதில்லை. அவர்கள் எல்லாருக்கும் அப்படித் தெரிந்த பாட்டுக்கு, ஒவ்வொரு ஞாயிறும் முகத்தைத் தூக்கி, என் வாயையே பார்த்துக்கொண்டு, நான் அடுத்த வரியைப் படித்து முடிக்கும்வரை ஏன் பாடாமல் காத்திருந்தார்கள் என்று நான் கேட்கவேயில்லை.