நடுவில் நின்ற ஒற்றை முட்டு

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்கு மேல்மாடி போட்டுக்கொண்டிருந்தோம். நெளிநெளியான இரும்புத் தகட்டை விரித்து, அதன்மேல் கொங்கிரீட் ஊற்றும் புதுமாதிரித் தளம். இரண்டும் ஒட்டிப்பிடித்து ஒன்றாகப் பாரம் தாங்க வேண்டும். கடை முதலாளி ஹாஜியாருக்குத் திகனயிலிருந்து வரும்போதெல்லாம் சந்தேகம்.

"இந்தத் தகரத்த நம்பிக் கீழ இரிக்க ஏலுமா?"

"குடையப் பிடிச்சிக்கிட்டு உக்காருங்க ஹாஜியார்" என்பேன்.

தளம் எவ்வளவு வளைகிறது என்று பார்க்க, முதல்நாள் வந்து மீட்டருக்கு இடம் காட்டிவிட்டுப் போன மிஸ் அன்றும் வந்தார். பேராதனையில் படித்த யாழ்ப்பாணத்து இஞ்சினியர். மேலே பீப்பாய்களில் தண்ணீர் நிரப்புவோம். கீழே கடிகாரம் மாதிரியான மீட்டரில் ஊசி எவ்வளவு நகர்கிறது என்று அவர் பார்ப்பார். அதற்குமுன் தளத்தைத் தாங்கும் முட்டுகளை எல்லாம் கழற்றியிருக்க வேண்டும்.

கழற்றியிருந்தோம். நட்டநடுவில் ஒன்றைத் தவிர.

"இது ஒண்டை மட்டும் ஏன் விட்டனீங்கள்? வெடிப்பு ஏதும் மறைக்கிறியளோ?"

"நீங்கதானே மிஸ் நேத்து கீழ இருந்து சத்தம் போட்டீங்க, இந்த எடத்துல முட்டு வேணும்னு" என்றார் எங்கள் மேசன் பாஸ்.

"நான் அப்பிடிச் சொல்லவேயில்லை."

பாஸ் மெதுவாக என் பக்கம் திரும்பினார். போன வாரம் சுவருக்குப் பின்னால் நின்று, மிஸ்ஸின் குரலில் "பாஸ், ஒருக்கா கீழ வாங்கோ" என்று கூப்பிட்டு அவரை ஏணியில் இறக்கியவன் நான்.

"இவன் வேலைதான். நாளையில இருந்து இந்தப் பக்கம் வராத."

"சத்தியமா நான் இல்ல பாஸ்!"

என் வாயில் சத்தியம்கூடப் பகிடி மாதிரித்தான் கேட்டது.

மிஸ் மேலே ஏறி, குனிந்து தேடி, வெடிப்பு இல்லை என்று கண்டபிறகே அந்த முட்டைக் கழற்றச் சொன்னார். ஹாஜியார் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். நான் அந்த முட்டைக் கழற்றி வெளியே கொண்டுவந்து, பாஸுக்கும் ஹாஜியாருக்கும் நடுவில் நின்றேன். உள்ளே மிஸ் மீட்டரைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஒரு பஸ் ஹோர்ன் அடித்துப் போனது. அந்தச் சத்தம் அடங்கும்போது உள்ளேயிருந்து மிஸ்ஸின் குரல் கேட்டது.

"...இந்த இடத்தில முட்டவேணும்!"

பாஸ் என் கையிலிருந்த முட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"யா அல்லாஹ், விழப் போகுது!" என்று ஹாஜியார் எழும்பிவிட்டார்.

"இதை ஏன் திருப்பிக் கொண்டு வாறியள்?"

"இப்பத்தானே மிஸ் முட்டு வேணும்னீங்க!"

"ஐயோ, மீட்டரின்ரை முனை தகட்டில முட்டவேணும் எண்டனான். படவேணும்! நேற்றும் அதைத்தானே சொன்னனான்."

ஹாஜியார் என்னைக் கையால் காட்டினார். "இவன் எனக்குப் பக்கத்துலதான் நிண்டான். வாயே தொறக்கல்ல."

பீப்பாய்கள் நிரம்ப நிரம்ப ஊசி மெல்ல ஊர்ந்தது. தண்ணீரை வெளியே திறந்துவிட்டதும், புறப்பட்ட இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. மிஸ் முதல்முறையாகச் சிரித்தார். ஹாஜியார் கதிரையை உள்ளே கொண்டுவந்தார். ஆனால் சுவரோரமாகத்தான் போட்டார்.

பாஸ் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நாளைக்குப் பூச்சு வேல. நேரத்தோட வா. வரும்போது உன் சொந்தக் கொரலோட வா."