கமிஷன் பிடிக்காத மெயில்

என் ஓரகத்திக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் லேப்டாப் ‘டிங்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எரியும், அவ்வளவுதான்.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய தம்பியின் மனைவி. திருவொற்றியூரில் ஒரே வீடு. கீழே நாங்கள், மாடியில் அவர்கள், இரண்டு அடுப்பிலும் உப்பு பார்த்துக்கொண்டு எங்கள் மாமியார். என் கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் வீட்டுக்கு வருவது அவர் கையில் இல்லை. கொழுந்தனுக்கு மணலியில் ஒப்பந்த வேலை. ஆண்கள் கிளம்பிப் போன பிறகு கீழ்க் கூடம் முழுக்க எங்கள் ஆரி வேலைதான். ஜாக்கெட் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நுனி வளைந்த ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சட்டத்தின் மேல் பழைய புடவையைப் போர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் பட்டு சாயங்காலத்துக்குள் சாம்பல் பட்டாகிவிடும்.

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்த வகுப்பில்தான் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம். ஆரி வேலையின் லட்சணம் துணியின் பின்பக்கத்தில்தான் தெரியும். முன்பக்கம் எல்லோருக்கும் பளபளப்பாகத்தான் வரும். திருப்பிப் பார்த்தால் சிலர் வேலையில் நூல் காடு மாதிரி தொங்கும். வகுப்பெடுத்த அக்கா என் துணியைத் திருப்பிக் காட்டித்தான் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லுவார். ஓரகத்தியின் துணியை அவர் ஒருநாளும் திருப்பியதில்லை, பாவம் மனசு கஷ்டப்படும் என்று.

ஆனால் அவளுக்கு வேறொன்று தெரிந்திருந்தது. வெயில் சாயும் நேரத்தில் வாசலில் ஜாக்கெட்டை விரித்து, பக்கத்தில் ஒரு முழம் மல்லிகையைப் போட்டு, போனில் படம் எடுப்பாள். படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு, “வாங்க சிஸ்டர்ஸ்” என்று நாலு வார்த்தை பேசுவாள். நானும் ஒரு பக்கம் ஆரம்பித்துப் பார்த்தேன். போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாலே என் முகம் கரன்ட் பில் கட்டும் வரிசையில் நிற்கிற முகமாகிவிடும். வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்காக அவள் வைத்திருந்த அதே பணப் பரிமாற்ற நிறுவனத்தில் நானும் ஒரு கணக்குத் திறந்தேன். அவர்களிடமிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு மெயில். வரவேற்பு மெயில். அதை நான் அழிக்கவில்லை.

அவளுக்கோ கனடா, சிங்கப்பூர், லண்டன் என்று கல்யாணப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆர்டர் பெருகப் பெருக, நுணுக்கமான வேலையெல்லாம் என்னிடம் வந்தது. ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூலி. “கைவேலை சூப்பர் சிஸ்டர்” என்று படத்துக்குக் கீழே யார் யாரோ எழுதுவார்கள். அந்தக் கை என் கை. நன்றி சொல்வது அவள். கூலியிலும் ஒருநாள் குறை வைத்ததில்லை, அது அதைவிட எரிச்சல். குறை வைத்தால் நிம்மதியாகத் திட்டியாவது இருக்கலாம்.

பார்சலில் விலாசம் எழுதுவதும் என் வேலைதான். அதற்காகப் பணம் வந்த மெயிலைத் திறந்து பார்க்க வேண்டும். கூடத்து லேப்டாப்பில் அவளுடைய மெயில் எப்போதும் திறந்தே இருக்கும். விலாசத்தை எழுதிக்கொண்டு மூடிவிடலாம். நான் மூடுவதில்லை. முழு மெயிலையும் படிப்பேன். மேலே கடைப் பெயர், இனிஷியலோடு அவள் பெயர், வந்த தொகை. அதைப் பார்க்கும்போது நெஞ்சில் மிளகாய் அரைத்த மாதிரி இருக்கும். அதற்குக் கீழே ஒரு வரி வரும். அந்த நிறுவனம் தன் பங்காகப் பிடித்துக்கொண்ட கமிஷன். அந்த வரிக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். நல்லா புடிங்கடா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த மெயிலிலேயே எனக்குப் பிடித்த வரி அது ஒன்றுதான்.

என் எரிச்சல் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகு மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்து ஓரகத்திக்குத் திருஷ்டி சுற்றுவார். “ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு” என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவார். ஊர்க்கண்ணு என்னும்போது வாசலைப் பார்ப்பார். உறவுக்கண்ணு என்னும்போது எந்தப் பக்கமும் பார்க்கமாட்டார். நான் ஊசியில் கண்ணை வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பேன். அடுப்பில் போட்ட மிளகாய் நெடி ஏறாவிட்டால் கண்ணேறு பலமாக இருந்தது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் யாரும் இருமியதே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் கடைப் பேச்சு வந்தது. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் இருக்கிற தெருவில் ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. அதற்கு அட்வான்ஸ் கொடுக்க அவள் பேங்கில் பணம் சேர்த்து வைத்திருந்தாள். போர்டில் அவள் பெயர், உள்ளே கண்ணாடி, ஏசி. எனக்குக் கூடத்து மூலையும் மரச்சட்டமும் அப்படியே இருக்கும். அந்தக் கடை வரக்கூடாது என்று நான் நினைத்தேன். சாமியிடம்கூடச் சொல்லவில்லை, சும்மா நினைத்தேன், தினமும்.

அந்த வாரம் கனடாவிலிருந்து ஒரு பெண் இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பினாள். கல்யாணத்துக்குத் தோழிகளுக்கெல்லாம் ஒரே மாதிரி ஜாக்கெட் வேண்டுமாம். விலை சொன்னதும் சரி என்றுவிட்டாள். ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. அளவு ஜாக்கெட் எப்போது அனுப்பட்டும் என்றும் கேட்கவில்லை, ஓரகத்தியின் மெயில் முகவரியை மட்டும் கேட்டாள். எத்தனை கடல் தாண்டிப் போனாலும் நம் பெண்கள் ஜாக்கெட் விலையில் பேரம் பேசாமல் விட்டு நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. ஆனால் பொறாமைக்காரி சொன்னால் எடுபடுமா என்று சும்மா இருந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ‘டிங்’. ஓரகத்தி ஓடிவந்து பார்த்தாள். பார்த்தவள் உட்கார்ந்துவிட்டாள். வாசற்பக்கம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் என்ன என்று கேட்டார். மொத்தப் பணமும் வந்துவிட்டதாம். ஆனால் தொகை பெரிது என்பதால் நிறுவனம் அதை நிறுத்தி வைத்திருக்கிறதாம். இன்று சாயங்காலத்துக்குள் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம், இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடுமாம். சொல்லிக்கொண்டே மெயிலில் இருந்த நீலப் பொத்தானை அழுத்தினாள். நிறுவனத்தின் பக்கம் திறந்தது. பாஸ்வேர்டு போட்டாள். அடுத்ததாக பேங்க் கார்டு நம்பர் கேட்டது. கார்டை எடுக்க மாடிக்கு ஓடினாள்.

நான் லேப்டாப் பக்கம் போனேன். நல்ல எண்ணத்தில் போகவில்லை. எவ்வளவு என்று பார்க்கப் போனேன். தொகையைப் பார்த்ததும் கடை வந்தாயிற்று, போர்டு மாட்டியாயிற்று என்று தோன்றியது. ஆறுதலுக்காகக் கண் தானாகக் கீழே இறங்கி என் வரியைத் தேடியது.

வரி இல்லை. மேலிருந்து கீழே வரை தேடினேன். வந்த தொகை எவ்வளவோ அதுவே முழுசாக இருந்தது. ஒரு சின்ன ஜாக்கெட்டுக்கே பிடித்துக்கொள்கிறவன், இவ்வளவு பெரிய பணத்தில் கை வைக்காமல் இருப்பானா? மேலே பார்த்தேன். கடைப் பெயர் இல்லை, இனிஷியல் இல்லை, ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்றிருந்தது. அவன் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. விலாசம் எழுதக் கனடா முகவரியும் இல்லை. பழக்கம் விடாமல் பின்பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. அனுப்பியவர் பெயர் மேல் அழுத்தினேன். நிறுவனத்தின் பெயர் மேலுக்குத்தான். உள்ளே முகவரி நீளமாகப் போய், கேள்விப்படாத ஒரு பெயரில் முடிந்தது. என் போனை எடுத்து, எனக்கு வந்த அந்த ஒற்றை வரவேற்பு மெயிலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முகவரி வேறு. பொத்தானை அழுத்தித் திறந்த பக்கத்தின் முகவரியும் வேறு. முன்பக்கம் பளபளப்பு, பின்பக்கம் ஒரே நூல் காடு.

மாடியில் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருந்தால் போதும். பேங்கில் இருந்த கடை அட்வான்ஸ் போயிருக்கும், கடை போயிருக்கும், நான் ஒரு பாவமும் செய்திருக்கமாட்டேன். ஆனால் எவனோ ஒருவன், என் ஊசிக்குப் பிறந்த பணத்தை, ஒரு மணியும் கோக்காமல் அள்ளிக்கொண்டு போவதா? அவளைப் பார்த்து எரிந்ததைவிட அவனைப் பார்த்து அதிகமாக எரிந்தது. கார்டோடு இறங்கி வந்தவளை மறித்து, அந்த மெயில் பொய், நம்பரைப் போடாதே என்றேன்.

அவள் நின்றாள். என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

“தெரியும்க்கா. கடைன்னு பேச்சு எடுத்ததுலேர்ந்து உன் மூஞ்சி சரியில்ல. நவுரு, டைமு போய்கினே கீது.”

முகவரியைக் காட்டினேன். கம்பெனிக்காரன் ஆயிரம் முகவரி வைத்திருப்பான் என்றாள். அந்தப் பெண் பேரம் பேசாததைச் சொன்னேன். பணக்காரப் பெண் பேசமாட்டாள் என்றாள். கார்டைப் பார்த்து நம்பரைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். மாமியாரைப் பார்த்தேன். அவர் நெத்திலியை விட்டுத் தலை தூக்கவில்லை. யார் பக்கம் என்று தெரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று லேப்டாப்பைச் சாத்தி அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“ஆமாண்டி, எனுக்கு வயித்தெரிச்சல்தான். நீ கடை வைக்கக் கூடாதுன்னுதான் நெனைக்கிறேன். உனுக்கு வந்த மெயிலு ஒண்ணு வுடாம படிச்சிகினு கீறேன். எவ்ளோ வந்துச்சின்னு பாக்க இல்ல, அவன் எவ்ளோ கமிசன் புடிச்சான்னு பாக்க. அத்தப் பாத்தாதான் எனுக்கு மனசு ஆறும். இதுல அவன் ஒரு பைசா புடிக்கல. உனுக்கு மட்டும் சும்மா வுட்டுட்டுப் போறதுக்கு அவன் இன்னா உன் தாய்மாமனா?”

மாமியாரின் கையில் ஒரு நெத்திலி தலை கிள்ளாமல் அப்படியே இருந்தது.

“மெயில வுட்டுடு,” என்றேன். “உன் போன்ல கம்பெனி ஆப்பு கீதுல்ல, நீ டெய்லி தொறக்கறது? அதத் தொறந்து பாரு. துட்டு வந்திருந்தா அங்க நிக்கும். நின்னுச்சின்னா நான் உன் கால்ல வுழறேன்.”

போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். கடைசியாக வந்தது போன வாரத்து சிங்கப்பூர் ஜாக்கெட்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை, நிறுத்தி வைத்ததும் இல்லை, விட்டதும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனில் ஒரு செய்தி வந்தது. யாரோ புதிய இடத்திலிருந்து உங்கள் கணக்குக்குள் நுழையப் பார்க்கிறார்கள், இந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று. அந்தப் பொய்ப் பக்கத்தில் அவள் போட்ட பாஸ்வேர்டு அதற்குள் திருடன் கையில் வேலைக்குப் போயிருந்தது. நான்தான் ஆப்பிலேயே பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். அதே பாஸ்வேர்டையே மெயிலுக்கும் வைத்திருந்தாளாம், அதையும் மாற்றினோம். கார்டின் பின்னால் இருந்த எண்ணில் பேங்கைக் கூப்பிட்டுக் கார்டை நிறுத்தச் சொன்னோம். இவ்வளவும் முடித்துவிட்டுப் பார்த்தால், இன்ஸ்டாகிராமில் கனடாக் கல்யாணப் பெண்ணைக் காணோம்.

அவள் அழவுமில்லை, எனக்கு நன்றி சொல்லவுமில்லை. நன்றி சொல்லியிருந்தால் எனக்கும் பிடித்திருக்காது. காபி போட்டுக்கொண்டு வந்து என் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அந்த வெள்ளிக்கிழமையும் மாமியார் உப்பு, மிளகாய் எடுத்தார். வழக்கம்போல அவளுக்கு மட்டும்தான் சுற்றினார். ஆனால் உறவுக்கண்ணு என்ற வார்த்தையை அன்றைக்கு விழுங்கிவிட்டார்.

கடை வந்துவிட்டது. நான் வேண்டாம் என்று நினைத்த கடையை நானே காப்பாற்றிக் கொடுத்தேன். போர்டில் அவள் பெயர்தான் இருக்கிறது, எழுத்துகூட அழகாக இருக்கிறது. திறப்பு விழா அன்று எனக்கு வயிறு நன்றாகவே எரிந்தது, அதில் ஒரு குறையுமில்லை.

லேப்டாப் இப்போது கடையில் இருக்கிறது. நானும் என் சட்டத்தோடு அங்கேதான் உட்காருகிறேன். பணம், பார்சல், பேங்க் என்று எந்த மெயில் வந்தாலும் அவள் அதைத் தொடாமல் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். போன வாரம் ‘டிங்’ என்றபோது என் கையில் பாதி கோத்த மணி இருந்தது, எழ முடியவில்லை. அவளே எட்டிப் பார்த்தாள். ஆப்பையும் திறந்து பார்த்தாள். பெரிய தொகை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் தொகையைச் சொல்லவில்லை. மெயிலைக் கீழே தள்ளிக்கொண்டே போய், ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“இந்தாக்கா,” என்றாள். “இந்த தபா நல்லாவே புடிச்சிகீறான்.”