பனியில் மண்டியிட்ட பசு

டெல்லியில் ரிட்ஜ் காட்டை ஒட்டிய அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். பின்பக்கம் கீரைப் பாத்தி உண்டு. வெள்ளிக்கிழமை பசுவுக்கு ஒரு கட்டுக் கீரை கொடுக்காவிட்டால் எனக்குக் காபி இறங்காது.

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கண்ணை மறைக்கும் பனிமூட்டம். பின்கதவைத் திறந்தால், மொட்டையாக மேயப்பட்ட பாத்தியின் நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். குட்டைக் கொம்பு. பசுவே வீடு தேடி வந்துவிட்டதென்று, முந்தின நாளே பறித்து வைத்த கீரைக்கட்டோடு அருகில் போனேன். அது சத்தமில்லாமல் என்னையே பார்த்தது. பிறகு மெதுவாக முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டது. எனக்கு மெய்சிலிர்த்தது. நானும் குனிந்து கும்பிட்டேன்.

"மீனா, உள்ள ஓடி வா! அது பசு இல்ல, நீல்காய்!" என்று கணவர் கத்தினார்.

ஓடி வந்து கதவைச் சாத்தியதும் 'டமார்' என்று கதவில் ஓர் இடி.

நீல்காய், மான் வகைக் காட்டு விலங்காம். ஆண் நீல்காய் சண்டைக்குத்தான் அப்படி மண்டியிடுமாம்.

இப்போது பாத்தியைச் சுற்றி முள்வேலி. வெள்ளிக்கிழமைக் கீரை கோசாலைக்குப் போகிறது. பனிக்காலத்தில் ஜன்னல் வழியே பார்க்காமல் கதவைத் திறப்பதில்லை. சில காலைகளில், வேலிக்கு அப்பால் ஏதோ மண்டியிட்டுக் காத்திருக்கிறது.